தாடிக் காசு

சினிமாக் கம்பெனியில் எனக்கு வாரத்துக்கு நாலு வெள்ளி சம்பளம். தாடிக்கு அரை வெள்ளி தனி. இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. முகத்தில் மயிர் வளர்த்ததற்குக் கூலி வாங்கியவன் என்று வீட்டிலேயே கேலி. கேலி செய்கிறவர்கள் பிறந்ததே அந்தத் தாடியின் புண்ணியத்தில்தான் என்பதால் நான் கோபித்துக்கொள்வதில்லை.

பேசும் படம் பினாங்குக்கு வந்த புதிது. ஊரே அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க, எங்கள் முதலாளி பேசாத படம் ஒன்று எடுக்கக் கிளம்பினார். அவர் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம். பட்டணத்தில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஏன் பேசாத படம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னார்: “பேசுனா செலவு ஜாஸ்தி. நம்ம ஆளுங்க வாய் தொறக்காம இருந்தாலே பாதி லாபம் லா.”

கெலுகோரில் கடலோரமாக ஒரு தென்னந்தோப்பையும், அதிலிருந்த பழைய கொப்பரைக் கிடங்கையும் வாடகைக்குப் பிடித்தார். கேமராக்காரர் மட்டும் மதராசிலிருந்து கப்பலில் வந்தார். மற்ற நாற்பது பேரும் உள்ளூர். வெயில்தான் எங்களுக்கு விளக்கு. ஈயத்தாள் ஒட்டிய பெரிய பலகையைத் தூக்கிப் பிடித்து, வெயிலை நடிகர்களின் முகத்துக்குத் திருப்பிவிடுவது என் வேலை. ராணியாக நடித்த அம்மாளுக்குக் கண் கூசினால் எனக்குத் திட்டு விழும்; கூசாவிட்டால் கேமராக்காரரிடம் திட்டு விழும். ஒரு நாளில் இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கினால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம்.

கதையில் பன்னிரண்டு கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தனியாக ஆள் வைத்தால் செலவு. அதனால் தச்சர், தையற்காரர், சமையற்காரர், பலகை பிடிக்கிற நான் என்று கைக்கு அகப்பட்ட பன்னிரண்டு பேரை முதலாளி கொள்ளைக்காரர்களாக்கினார். பாறைமேலிருந்து நாங்கள் குதித்து ராணியின் பல்லக்கை மறிக்க வேண்டும். பிறகு தளபதியிடம் அடி வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓடுவதில் எங்களுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

சம்பளம் எந்தக் கிழமை என்பதில் முதல் வாரமே பஞ்சாயத்து நடந்தது. முஸ்லிம்கள் வியாழன் சாயங்காலம் கேட்டார்கள், மறுநாள் ஜும்மா. என்னைப் போன்ற கத்தோலிக்கர்கள் சனிக்கிழமை கேட்டோம், மறுநாள் பூசை. சீனத் தச்சர் தினமும் கேட்டார். அவருக்கு எல்லாச் சாமி மேலும் நம்பிக்கை இருந்தது, முதலாளிமேல் மட்டும் இல்லை. கடைசியில் சனிக்கிழமை ஐந்து மணி என்று முடிவானது. எங்கள் நியாயம் எடுபட்டது என்று நாங்கள் மார் தட்டிக்கொண்டோம். உண்மையில் ஜவுளிக்கடையில் சனிக்கிழமைதான் வியாபாரம் நன்றாக நடக்கும்.

முதலாளி மோட்டாரில் ஒரு மரப்பெட்டியோடு வந்து இறங்குவார். பெட்டிக்குள் நாற்பது கெட்டிப்பால் டின்கள். ஒவ்வொன்றிலும் சிவப்புச் சாயத்தில் எண் எழுதியிருக்கும். என்னுடையது பதினேழு. வரிசையில் நின்று டின்னை வாங்கி, காசை மடியில் கொட்டிக்கொண்டு, வெறும் டின்னை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். டின் காணாமல் போனால் மூன்று காசு பிடித்தம். நாற்பது டின்னும் உருள்கிற சத்தம் கேட்டால் தோப்புக் காவலாளியின் நாய்கூட வாலாட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கும்.

இதெல்லாம் நன்றாகத்தான் போனது. மூன்றாவது வாரம் சனிக்கிழமை, நாங்கள் தாடியும் மீசையுமாகப் பாறைமேல் நின்று பயங்கரமாக முறைக்கிற காட்சியைப் பாதி எடுத்திருந்தார்கள். அன்று சாயங்காலம் சம்பளம் வாங்கினோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கையில் காசு, முகத்தில் மூன்று வாரத்து மயிர். இந்த நிலையில் ஒரு மனிதன் என்ன செய்வானோ அதைப் பன்னிரண்டு பேரும் செய்தோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே செய்தோம். திங்கட்கிழமை காலையில் பாறைமேல் பன்னிரண்டு மாப்பிள்ளைகள் வழவழவென்று நின்றோம்.

கேமராக்காரர் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். பிறகு ஒரு தேங்காய் மட்டைமேல் போய் உட்கார்ந்துகொண்டார். முதலாளி வந்து பார்த்துவிட்டு, “பல்லக்க மறிக்கப் போறீங்களா, இல்ல பொண்ணு கேக்கப் போறீங்களா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. எடுத்த படச்சுருள் அத்தனையும் வீண்.

அன்றுதான் தாடிச் சட்டம் பிறந்தது. பாறைக் காட்சியும் அதை ஒட்டிய சண்டையும் முடியும்வரை எவனும் கத்தி வைக்கக் கூடாது. வைக்காதவனுக்கு வாரத்துக்கு அரை வெள்ளி தாடிக் காசு. வைத்தவனுக்கு அந்த வாரச் சம்பளமும் கிடையாது, வேலையும் கிடையாது. இரண்டாவது வாரமே தையற்காரர் ஆசை தாங்காமல் மழித்துவிட்டு, தென்னை நாரை அரைத்துக் கோந்து போட்டு ஒட்டிக்கொண்டு தாடிக் காசு வாங்க வந்து நின்றார். கொசு கடித்ததென்று சொறிந்தபோது பாதித் தாடி கையோடு வந்துவிட்டது. அழுது புலம்பியதால் அவருடைய வேலை தப்பியது. ஆனால் அதற்குப் பிறகு முதலாளி டின்னைக் கொடுக்குமுன் ஒவ்வொரு கொள்ளைக்காரனின் தாடியையும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பார். வலிக்கிறது என்று முகம் சுளித்தால் சரியான தாடி. நாங்கள் காசுக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே சுளிப்போம்.

தாடி மறுபடி நன்றாக வளர்ந்துவிட்ட இந்த நிலைமையில்தான் என் கல்யாணப் பேச்சு வந்தது.

பெண்ணை நான் முன்பே பார்த்திருந்தேன். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயில் திருநாளில், மெழுகுத்திரி ஏற்றுகிற இடத்தில் எனக்கு முன்னால் நின்றாள். மெழுகு சொட்டி என் கை சுட்டபோது நான் போட்ட சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா அப்பா இல்லாத எனக்கு எல்லாமே அக்காதான். அக்காவிடம் சொன்னேன். அக்கா நாலு இடத்தில் விசாரித்து, பெண் அக்கரையில் பட்டர்வொர்த்தில் ஒரு கிராணியின் மகள் என்று கண்டுபிடித்து, பேச்சைத் தொடங்கியும் விட்டாள்.

கிராணி என்றால் அலுவலகத்தில் பேனா பிடிக்கிறவர், மாதச் சம்பளக்காரர். அந்தக் காலத்தில் மாதச் சம்பளம் வாங்கினால் உத்தியோகம், வாரச் சம்பளம் வாங்கினால் கூலி. தொகை எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்றுதான் கேட்பார்கள். கிராணியும் அதைத்தான் கேட்டார். அக்கா கண்ணை இமைக்காமல் மாதச் சம்பளம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

“ஏன்க்கா பொய் சொன்ன?” என்றேன்.

“நாலு வாரம் சேந்தா ஒரு மாசந்தானேடா. இதுல எங்க இருக்கு பொய்யி?” என்றாள்.

அதோடு விட்டதா? தைப்பிங்கிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் அந்தப் பெண்ணைக் கேட்டிருந்தார். வருகிற ஞாயிறு என்னைப் பார்ப்பது, அதற்கடுத்த ஞாயிறு வாத்தியாருக்கு முடிவு சொல்வது என்று கிராணி தீர்மானித்துவிட்டார். எனக்கு வாய்த்தது அந்த ஒரு ஞாயிறுதான். அந்த ஞாயிறோ, பாறைக் காட்சிக்கு நடுவில் வந்து விழுந்தது. சனிக்கிழமை நாங்கள் பாறைமேலிருந்து குதிப்பதை எடுத்தார்கள். திங்கட்கிழமை கீழே வந்து விழுவதை எடுக்க வேண்டும். நடுவில் நான் பெண் பார்க்கப் போக வேண்டும், கொள்ளைக்காரன் தாடியோடு.

மழித்தால் வேலை போகும். ரப்பர் விலையும் ஈய விலையும் அடிமட்டத்துக்குப் போய், ஊரில் பாதிப் பேர் வேலையில்லாமல் திரிந்த சமயம் அது. வேலை போனவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? மழிக்காமல் போனாலோ, கழுத்தை மூடித் தொங்கும் அந்தப் புதரைப் பார்த்து யார் பெண் கொடுப்பார்கள்? சனிக்கிழமை இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்ணை விட்டுவிட முடியாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அக்காதான் வழி கண்டுபிடித்தாள். தாடியை மடித்துக் கழுத்தோடு அமுக்கி, ஒரு பூத்துண்டைத் தாடைக்கடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். மீசையும் மறையும்படி இன்னொரு துண்டை மூக்குக்குக் கீழே சுற்றினாள்.

“பொன்னுக்கு வீங்கின்னு சொல்லிக்கலாம். வாயத் தொறக்காத. பேசறதெல்லாம் நான் பேசிக்கிறேன்” என்றாள்.

பொன்னுக்கு வீங்கி ஒட்டிக்கொள்ளும் நோய் என்பதால் ஃபெரியில் எங்களைச் சுற்றி ஒரு பெஞ்சு முழுவதும் காலியானது. அவ்வளவு சொகுசாக நான் அதற்கு முன்பும் கடலைத் தாண்டியதில்லை, பின்பும் தாண்டியதில்லை.

கிராணி வெள்ளை டிரவுசரும் பெரிய மீசையுமாக வாசலில் நின்று வரவேற்றார். நாற்காலியை ஒரு கஜம் தள்ளிப் போட்டுத்தான் உட்கார்ந்தார். “கம்பெனில சம்பளம் எந்தத் தேதியில போடுவாங்க தம்பி?” என்று முதல் கேள்வியே கேட்டார். நான் வலிப்பதுபோல முனகினேன். “ஒண்ணாந்தேதிங்க” என்றாள் அக்கா.

பெண்ணின் அம்மா என்னைப் பார்த்துப் பதறிப்போய்விட்டார். “என்ன ஆளுங்க நீங்க. பொன்னுக்கு வீங்கிக்குக் கழுத்துல தங்கம் போட்டாத்தானே வீக்கம் இறங்கும். வெறுங்கழுத்தோடயா கூட்டிட்டு வருவாங்க?” என்று அக்காவைக் கண்டித்தார். நாங்கள் விழித்தோம். நோயைக் கொண்டுவந்தவர்கள் அதன் மருந்தை மறந்துவிட்டோம்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் கேட்டது. “அம்மா, என் சங்கிலியப் போட்டு விடுங்க.”

கிராணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா சங்கிலியை வாங்கிக்கொண்டு வந்து என் தலைவழியாக, துண்டு முடிச்சைத் தாண்டி, கழுத்தில் போட்டுவிட்டார். மெல்லிய சங்கிலி. அவள் கழுத்திலிருந்து அப்போதுதான் கழற்றியது, சூடு ஆறவில்லை. பிறகு அவள் காப்பி கொண்டு வந்தாள். துண்டு கட்டிய வாயால் நான் எப்படிக் குடிப்பது? தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவள் என் தாடைப் பக்கம் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அருவருப்புத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது கிராணி, “புதன்கிழமைக்குள்ள இறங்கிடும். சங்கிலியக் கொண்டாந்து குடுத்துட்டு, துண்டில்லாம ஒரு தடவ மொகத்தக் காட்டிட்டுப் போங்க தம்பி. வாத்தியாருக்கு ஞாயித்துக்கிழம பதில் சொல்லணும்” என்றார்.

ஃபெரியில் அக்கா சங்கிலியைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. அன்றிரவு அதைப் போட்டுக்கொண்டே தூங்கினேன். திங்கட்கிழமை காலையிலும் கழற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று அப்போது எல்லோரிடமும் சொன்னேன். மறக்கவில்லை, கழற்ற மனசு வரவில்லை.

பாறைக்குக் கீழே ஒரு திண்டிலிருந்து குதித்து மண்ணில் விழுந்து எழுந்தோம். ஆறு தரம் எடுத்தார்கள். ஆறாவது தரம் முடிந்ததும் கேமராக்காரர் என் மார்பைப் பார்த்தார். சட்டைக்கு வெளியே சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. குதித்தபோது இல்லாத சங்கிலி, விழுந்தபோது இருக்கிறது.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். “தாடியப் பாத்தோம். கழுத்தப் பாக்கலையே” என்றார். மறுபடி எடுக்கும் அளவுக்குச் சுருள் இல்லை. இனிமேல் சண்டைக் காட்சி முடியும்வரை அந்தச் சங்கிலி என் கழுத்திலேயே கிடக்க வேண்டும் என்று உத்தரவானது. செவ்வாயும் புதனும் மழை கொட்டியது. வியாழனும் வெள்ளியும் மேகம். வெயில் இல்லாமல் சண்டை போட முடியாது. தாடியோடு சங்கிலியைத் திருப்பிக் கொடுக்கப் போகவும் முடியாது. வீக்கம் இன்னும் இறங்கவில்லை என்று அக்கா பட்டர்வொர்த்துக்கு ஆள் அனுப்பினாள்.

சனிக்கிழமை வந்தது. ஐந்து மணிக்கு டின்கள் உருண்டன. என் முறை வந்தபோது முதலாளி ஒரு கையால் தாடியை இழுத்தார், மறு கையால் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தார். நான் வழக்கம்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினேன். பத்தடி தள்ளி கிராணி நின்றுகொண்டிருந்தார். பின்னால் அவர் மனைவி. அவருக்குப் பின்னால் அவள். இந்தப் பக்கம் கடைத்தெருவுக்கு வந்தவர்கள், கம்பெனியைக் கண்ணால் பார்த்துவிட்டு நோயாளியையும் விசாரிக்கலாம் என்று வந்திருக்கிறார்கள்.

முதலாளி அவர்களைப் பார்த்தார். கிராணியின் மீசையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “கொள்ளைக்காரனுக்கு ஆள் முடிஞ்சிருச்சுங்க. ஆனா மீச பிரமாதமா இருக்கு. மந்திரி வேசம் போடறீங்களா? வாரம் அஞ்சு வெள்ளி.”

கிராணி அவரைத் தாண்டி வந்தார். என்னிடம்தான் கேட்டார்: “வீக்கம் எங்க தம்பி?”

எனக்குப் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தது. “வீக்கம் இல்லீங்க. தாடிதான். மழிச்சா வேல போயிரும்.”

“மாசச் சம்பளம்னாங்களே.”

“இல்லீங்க. வாரம். நாலு வெள்ளி. தாடிக்கு அம்பது காசு.” பதினேழாம் எண் டின் கையிலேயே இருந்தது. மறைக்க இடமில்லை.

அவர் முகம் சிவந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று எனக்குப் புரிந்தது. வாத்தியார் கொடுத்து வைத்தவர். சங்கிலியாவது மரியாதையாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கழற்றிக் கையில் எடுத்து நீட்டினேன். முதலாளி பின்னாலிருந்து, “டேய் டேய், சண்ட பாக்கி இருக்குடா” என்று பதறினார்.

கிராணி மகளைப் பார்த்து, “ஒன் சங்கிலி. வாங்கிக்க” என்றார்.

அவள் வாங்கவில்லை. “இப்ப வாங்கிட்டா இவங்க படம் கெட்டுப் போயிரும்பா. முடியட்டும். அவங்களே வந்து குடுப்பாங்க” என்றாள்.

வரிசையில் இருந்தவர்கள் எங்களையே வேடிக்கை பார்த்தார்கள். கிராணி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையைக் குனியவில்லை. அவர் வரிசைப் பக்கம் திரும்பி, மீதி டின்கள் கடைசிவரை கொடுபடுவதைப் பார்த்தார். நாற்பதாவது டின் கொடுத்து முடிந்ததும், “எங்க ஆபீசுல ஒண்ணாந்தேதி தவறாம வருது, சம்பளத்துலதான் ஒவ்வொரு மாசமும் வெட்டு விழுது” என்று யாரிடமும் என்றில்லாமல் சொன்னார். பிறகு முதலாளியிடம் கேட்டார்: “இந்தச் சண்ட எப்ப முடியும்?”

“வெயில் அடிச்சா ஒரு வாரம் லா.”

“முடிஞ்சதும் அவர அனுப்பி வைங்க. சங்கிலியோட. தாடியில்லாம.”

வெயில் அடித்தது. மறுவாரம் தளபதியிடம் வாங்கிய அடியை நான் அவ்வளவு சந்தோஷமாக வாங்கினேன்; கேமராக்காரர் மூன்று தரம் நிறுத்தி, சிரிக்காதே என்று சொல்ல வேண்டியிருந்தது. சனிக்கிழமை கடைசித் தாடிக் காசை வாங்கிக்கொண்டு நேரே நாவிதரிடம் போனேன். ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபெரி ஏறினேன். இந்தத் தடவை பெஞ்சு முழுவதும் நெருக்கியடித்து ஆட்கள். கிராணி என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். “பரவாயில்ல” என்றார்.

நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட பிறகுதான் படம் திரைக்கு வந்தது. பட்டணத்தில் ஒரு கொட்டகையில், ஆர்மோனியமும் தபேலாவும் முன்னால் உட்கார்ந்து வாசிக்க, சரியாக ஒரு வாரம் ஓடியது. முதலாளி எங்கள் இரண்டு பேருக்கும் இனாமாக நாற்காலி டிக்கெட் கொடுத்தார். அவள் அந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பாறைக் காட்சி வந்தது. தாடியும் மீசையுமாக நான் வெறுங்கழுத்தோடு குதித்தேன். சங்கிலியோடு வந்து விழுந்தேன். கொட்டகையில் வேறு யாரும் கவனிக்கவில்லை. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

“குதிக்கறப்ப இல்ல, விழறப்ப இருக்கு. நடுவுல எங்க போய்த் திருடுனீங்க?” என்று காதோடு கேட்டாள்.

“ஒங்க வீட்லதான்” என்றேன்.

“திருட்டெல்லாம் இல்ல. துண்டுக்கு வெளிய தாடி எட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நீங்க வர்றதத் திர வழியா அப்பவே பாத்துட்டேன்.”

“பாத்துட்டுத்தான் சங்கிலியக் குடுத்தியா?”

“குடுக்காட்டி எதுக்குத் திரும்பி வருவீங்க?” என்றாள். திரையில் தளபதி என்னைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்க்கவில்லை.